நாலு மணி விக்கல்

கருவேலங்குடியில் ஊருக்கே விக்கல் வந்தது ஓர் ஐப்பசி மாதத்து வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள்தான் பக்கவாதம் வந்த தில்லைக்கண்ணுவை ஆஸ்பத்திரியிலிருந்து வேனில் கொண்டுவந்து, நாலு பேர் நாற்காலியோடு தூக்கி, அவர் வீட்டு மாடி அறையில் இறக்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான், ஏனென்றால் எங்கள் ஊரில் விக்கல் எடுத்தால் யார் நினைக்கிறார்கள் என்று தேடுவோமே தவிர எதனால் வந்தது என்று தேடுகிற பழக்கம் கிடையாது.

முதலில் விக்கியது டீக்கடை பக்கிரிசாமி, ஆற்றிக்கொண்டிருந்த டீ பாதி தரையில் போயிற்று. அதே நேரம் பள்ளிக்கூடத்தில் அற்புதமேரி டீச்சர் விக்கினார், குளத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பேர் விக்கினார்கள், பஞ்சாயத்து ஆபீஸ் சாரத்தில் நின்ற கொத்தனார் விக்கலோடு ஒரு கையால் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டார், எல்லோரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக நிறுத்தினார்கள். மத்தியானம் வேறு ஆட்கள் விக்கினார்கள். சாயங்காலம் காலையில் விக்கியவர்களில் பாதிப் பேரும் புதிதாகப் பாதிப் பேரும் விக்கினார்கள். பத்து நாளைக்குள் ஊரில் விக்காத வீடு இல்லை.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாயு என்று சொல்லி வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். பூசாரி எல்லை தெய்வத்துக்குப் பொங்கல் வைக்கச் சொன்னார், வைத்தோம், பொங்கலைத் தின்றபடியே இருபது பேர் விக்கினோம். அப்புறம் ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. தெருமுனைகளில் பானையும் தம்ளரும் வைத்தார்கள். சவரம் செய்கிறவர் கத்தியை வைப்பதற்கு முன் வாடிக்கையாளரின் முகத்தை ஒரு நிமிஷம் உற்றுப்பார்க்கக் கற்றுக்கொண்டார். தாலி கட்டும்போது பெண்ணுக்கு விக்கல் எடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள்.

உண்மையைச் சொன்னால் ஊருக்கு அந்த விக்கல் பிடித்துப்போயிற்று. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகளுக்கு மீசை முளைப்பதற்கு முன் பாஸ்போர்ட் வந்துவிடும். மஸ்கட், ஷார்ஜா, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டில் காலியாகக் கிடக்கும். பணம் வரும், பார்சல் வரும், போனும் எப்போதாவது வரும், ஆனால் நினைப்பு வருகிறதா இல்லையா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இப்போது விக்கல் வந்தது. வெளிநாட்டில் யாரும் இல்லாத அற்புதமேரி டீச்சர், செத்துப்போன தன் அம்மா நினைக்கிறாள் என்றார், அதையும் ஊர் ஏற்றுக்கொண்டது.

என் பெயர் கமலவேணி. கடைத்தெருவில் தில்லைக்கண்ணு வீட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், போனுக்கு ரீசார்ஜும் செய்வேன். விக்கல் வந்த வருஷம் என் கடையில் கூட்டம் தாங்கவில்லை. விக்கி முடித்த கையோடு ஓடி வருவார்கள், போனை நீட்டுவார்கள், நம்பர் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். அதில் முதல் ஆள் சுந்தராம்பாள் அத்தை. ஒரே மகன் குமரவேல், மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்.

“ஏம்ப்பா, இப்ப என்னைய நெனச்சியா?”

“ஆமாம்மா. இப்பத்தான், உன் மீன் கொழம்ப நெனச்சேன்.”

“பாத்தியாடி வேணி!” என்று அத்தை என் கையைப் பிடித்துக்கொள்வாள். போன் ஸ்பீக்கரில் இருக்கும். அந்தப் பையன் ‘ஆமாம்மா’ என்று சொல்வதற்கு முன்னால் அரை நொடி பேசாமல் இருப்பான், அது எனக்குக் கேட்கும், அவளுக்குக் கேட்காது. ஊரில் பாதிப் பிள்ளைகள் அந்த அரை நொடிக்கு அப்புறம்தான் ஆமாம் என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான், பொய் சொல்லத் தெரிந்திருந்தது.

எனக்குப் பொய் சொல்லவும் ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் சபாபதி ஷார்ஜாவுக்குப் போய்ப் பதினோரு வருஷம், போன் வந்து ஆறு வருஷம். இருக்கிறாரா என்றால் இருக்கிறார், அங்கிருந்து வருகிறவர்கள் பார்த்தேன் என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றுவார்கள். நான் எதையும் கேட்டுக்கொண்டதில்லை. மத்தியானம் ஒரு மணிக்குக் கடையை அடைத்து நாலு மணிக்குத் திறப்பேன். ஷட்டரைத் தூக்கி, சிவப்பு ஸ்டூலை வெளியே போட்டு, உட்கார்ந்து, போனை முந்தானையால் துடைத்து ஒருதரம் பார்ப்பேன். பார்க்கும்போது எனக்கு விக்கல் வரும். தினமும் நாலு மணிக்கு. ஷார்ஜாவில் அப்போது இரண்டரை மணி, சாப்பாட்டு நேரம், சோற்றில் கைவைத்ததும் என் ஞாபகம் வருகிறது அந்த மனுஷனுக்கு என்று நினைத்துக்கொள்வேன். ஆறு வருஷத்தில் அதற்கு முன் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. மனசு எதையாவது பிடித்துக்கொண்டு தொங்கத்தானே பார்க்கும்.

ஆனால் சந்தோஷம் வந்தால் பின்னாலேயே சந்தேகமும் வரும், என் புத்தி அப்படி. நாலு மணிக்கு என்னோடு சேர்ந்து வேறு யார் விக்குகிறாள்? சபாபதி போவதற்கு முன் மேலத்தெருவில் ஒருத்தியோடு பேச்சு அடிபட்டது உண்டு. தேர்தலுக்காக எடுத்த வாக்காளர் பட்டியலில் ஒரு பிரதி கடையில் மிச்சம் கிடந்தது, வெளிநாட்டில் இருக்கிறவர்களை அடித்தது போக எங்கள் வார்டில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பென்சிலை எடுத்துக்கொண்டேன், நாலு மணிக்கு விக்குகிறவர்கள் பெயருக்கு எதிரே புள்ளி வைத்தேன். ஒரு வாரத்தில் கணக்கு நின்றது. முப்பத்தேழு பேர். மேலத்தெருக்காரி அதில் இல்லை. பக்கிரிசாமி இருந்தார், கொத்தனார் இருந்தார், பல் போன கிழவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். சபாபதி சோற்றில் கைவைத்ததும் பக்கிரிசாமியை நினைத்து உருகுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் கலர் பென்சில் வாங்கினேன். மழை தூறினால் விக்குகிறவர்களுக்குப் பச்சை, காலையில் பதினொரு மணி வாக்கில் விக்குகிறவர்களுக்கு நீலம், கோயில் மணி அடித்தால் விக்குகிறவர்களுக்கு மஞ்சள். பட்டியல் கோலம் மாதிரி ஆயிற்று. அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. பக்கிரிசாமி மழைக்கும் விக்கினார், மணிச் சத்தத்துக்கும் விக்கினார், நாலு மணிக்கும் விக்கினார், ஆகையால் பக்கிரிசாமியின் விக்கலை மட்டும் கேட்டு ஒன்றும் சொல்ல முடியாது. டீச்சரும் அப்படித்தான், நானும் அப்படித்தான். ஒருத்தர் விக்கலுக்குத் தனியாக அர்த்தமே இல்லை. யார் யார் சேர்ந்து விக்குகிறார்கள் என்று பார்த்தால் மட்டும் மழை என்று தெரியும், மணி என்று தெரியும்.

பஸ் வரும்போது இன்னும் வேடிக்கை. கடல் பக்கமிருந்து வரும் பஸ்ஸுக்குக் கொத்தனார் ஒன்பது தரம் விக்குவார், பட்டுக்கோட்டை பஸ்ஸுக்கு இரண்டே தரம், நடுவில் புளியமரத்து ரோட்டிலிருந்து திரும்பும் மினி பஸ்ஸுக்கு ஐந்து. அவர் பெண்சாதிக்கு அப்படியே தலைகீழ். இப்படி ஆளுக்கு ஒரு திசை பிடிக்கும், பக்கத்துத் திசை கொஞ்சம் பிடிக்கும், எதிர்த்திசை பிடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் விக்கல் சத்தத்தை மட்டும் கேட்டு, எந்த பஸ் வருகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. ஒன்பது பேர் வேளாங்கண்ணிக்கு நடந்து போயிருந்த வாரத்திலும் சொல்ல முடிந்தது, சத்தம் கொஞ்சம் மெலிந்ததே தவிரப் பிசகவில்லை. யாரோ ஒருவர் பார்க்கிறார், கேட்கிறார், நினைக்கிறார், அது எங்கள் தொண்டைகளில் நடக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. யார் என்றுதான் தெரியவில்லை.

ஒருநாள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தேன். நானூற்றுப் பதினோரு பெயருக்கு எதிரே ஏதாவது ஒரு புள்ளி இருந்தது. வரிசை எண் இருநூற்று எண்பத்தெட்டு மட்டும் வெள்ளையாக இருந்தது. தில்லைக்கண்ணு, வயது அறுபத்திரண்டு.

பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊரிலும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள், விக்காத ஒரே ஆள், நினைக்க ஒரு நாதி இல்லாத மனுஷன் என்று. முப்பத்தொரு வருஷம் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தார். மனைவி செத்தபோது வர முடியவில்லை, பிள்ளை இல்லை, திரும்பி வந்து வீட்டைக் கட்டி மாடியில் தனியாக உட்கார்ந்தார், அடுத்த வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அக்காள் மகனின் பெண்சாதி கௌசல்யாதான் பார்த்துக்கொண்டாள். மத்தியானத் தூக்கம் கலைந்ததும் அவரை எடுத்து ஜன்னலோரம் உட்காரவைப்பாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு நீலப் புள்ளிக்காரர்கள் விக்க ஆரம்பித்தார்கள். நான் தலையைத் தூக்கி அந்த ஜன்னலைப் பார்த்தேன். கௌசல்யா தம்ளரைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்தாள். அவர் தொண்டை ஏறி இறங்கியது. பக்கிரிசாமியின் விக்கல் பாதியில் நின்றது, கொத்தனாரின் விக்கல் நின்றது, குளத்தங்கரையில் நின்றது, தெரு முழுக்க நின்றது.

இத்தனை மாசமும் அவருக்குத் தாகம் எடுத்தபோதெல்லாம் ஊர் தண்ணீர் குடித்திருக்கிறது.

பட்டியலை நாலாக மடித்து மெஷினுக்கு அடியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சுந்தராம்பாள் அத்தை போனை நீட்டினாள், நான் நம்பர் போட்டுக் கொடுத்தேன், பையன் அரை நொடி கழித்து ஆமாம்மா என்றான். ஊரெல்லாம் ஒரு மனுஷனின் தாகத்தையும் மழையையும் பஸ்ஸையும் வைத்துக்கொண்டு தன் பிள்ளை நினைக்கிறான் என்று சிரித்துக்கொண்டிருந்தது, அந்தச் சிரிப்பை நான் எப்படிக் கெடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மிச்சப் பாதி, நாலு மணி. நான் வாயைத் திறந்தால் என் நாலு மணியும் போய்விடும். தெரிந்த பிறகும் ஷட்டரைத் தூக்கி, ஸ்டூலைப் போட்டு, போனைத் துடைத்துப் பார்த்தேன், விக்கல் வந்தது, ‘சபாபதி’ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டேன். வெட்கம் கெட்டவள்தான் நான். அப்படி இரண்டு மாசம் ஓட்டினேன்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கௌசல்யா அறந்தாங்கியில் ஒரு காதுகுத்துக்குப் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்து, கதவைப் பூட்டி, பத்து மணிக்குள் வந்துவிடுவதாகத்தான் விடியற்காலை பஸ் ஏறினாள், அங்கே பஸ் மறியலில் மாட்டிக்கொண்டாள். ஒன்பது மணிக்கு நீலக்காரர்கள் விக்க ஆரம்பித்தார்கள். ஒன்பதரைக்கும் நிற்கவில்லை. பத்துக்கும் நிற்கவில்லை. பானைத் தண்ணீர் தீர்ந்தது. பதினொரு மணிக்குப் பக்கிரிசாமி கடையில் எண்பது பேர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், பேச முடியவில்லை, கண்ணில் தண்ணீர். அப்படியும் முகத்தில் ஒரு பெருமை.

“இன்னிக்கி என்னமோ, விக், எம்புள்ள ரொம்பத்தான் நெனக்கிறான்” என்றாள் சுந்தராம்பாள் அத்தை.

நானும் நீலக்காரிதான், விக்கிக்கொண்டே நின்றேன். ஜன்னலில் யாரும் இல்லை. கௌசல்யா போனை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம், அவள் வந்துவிடுவாள் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசை நான் கேட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை, அரை மணி நேரம் கேட்டேன். அப்புறம் விக்கல் மெலிய ஆரம்பித்தது. நிமிஷத்துக்கு ஒன்பது தரம் விக்கிக்கொண்டிருந்தவர்கள் நாலு தரம் விக்கினார்கள். எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள், மெலிவது விக்கல் இல்லை, அவர் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. ஓடிப்போய் மெஷினுக்கு அடியிலிருந்த பட்டியலை எடுத்துவந்து பெஞ்சின்மேல் விரித்தேன்.

“பக்கிரியண்ணே, இது யாரும் நெனக்கிறது இல்லண்ணே. தில்லைக்கண்ணு பெரியப்பாவுக்குத் தாகம். அவருக்குத் தாகம் எடுத்தா நாம விக்குறோம். உள்ள தனியாக் கெடக்கிறாரு. கதவ ஒடைங்க.”

“என்னம்மா ஒளர்ற?”

“ஒடைங்கண்ணே. பொய்யா இருந்தா கதவுக்கு நான் பணம் தர்றேன்.”

கொத்தனார் கடப்பாரையால் நெம்பினார். மாடியில் அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தார், தம்ளர் கவிழ்ந்து உருண்டு இடது கைக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. பக்கிரிசாமி தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார், நான் ஸ்பூனால் தண்ணீர் விட்டேன். முதல் வாய் கடைவாயில் வழிந்தது. இரண்டாவது உள்ளே இறங்கியது.

தெரு அமைதியாயிற்று. எண்பது விக்கலும் ஒன்றாக நின்ற அந்த அமைதி மாடிக்குக் கேட்டது. கீழே நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் ரீசார்ஜுக்கு ஒருவரும் வரவில்லை. சுந்தராம்பாள் அத்தை மட்டும் வந்தாள், போன் இல்லாமல் வந்தாள்.

“அப்ப எம்புள்ள என்னைய நெனக்கவே இல்லியாடி?”

“நெனச்சிருப்பான் அத்தே. விக்கலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அவ்வளவுதான்.”

“நெனச்சிருப்பான்” என்று அவள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். “அந்த மனுசனுக்குத் தண்ணி குடுத்த, புண்ணியம். எங்களுக்கு என்னத்தடி குடுத்த?”

உங்களிடமிருந்து எடுத்ததை என்னிடமிருந்தும்தான் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம், அது அவளுக்கு எதற்கு ஆகும்?

கௌசல்யாவோடு துணைக்குப் போய் அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கறுத்துப் போயிருந்த இடத்தைக் காட்டினார். “மூளையில ஒரு செல்லு தனியா எதையும் நெனக்கிறதில்லம்மா. ஆயிரக்கணக்குல ஒண்ணா துடிச்சாத்தான் ஒரு முகம், ஒரு பேரு. இவருக்கு இங்க இருந்த கூட்டம் கலஞ்சிருச்சு.”

“கலையல டாக்டர். எங்க ஊருக்கு வந்துருச்சு” என்றேன். அவர் எனக்கும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

ஊர் நல்ல ஊர். முறை போட்டுக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டார்கள், எனக்குப் புதன்கிழமை. விக்கலை வைத்தே அவருக்கு என்ன வேண்டும் என்று எல்லோருக்கும் படிக்கத் தெரிந்துவிட்டது, பசி, குளிர், முதுகு அரிப்பு, மூத்திரம் எல்லாம் தெருவில் கேட்டது. மனைவியின் போட்டோவை அவரிடம் காட்டியபோது ஐம்பத்திரண்டு பேர் விக்கினோம், அன்றிலிருந்து அந்த ஐம்பத்திரண்டும் விக்கினால் மற்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள், அந்த மரியாதை இருந்தது. ஆனால் பழைய முகம் யாருக்கும் இல்லை. முன்பெல்லாம் விக்கல் வந்தால் கண் மின்னும், இப்போது மாடியைப் பார்த்து, “இப்ப என்ன வேணுமாம்?” என்றார்கள். என் கடையில் போன் போடுகிறவர்கள் குறைந்துபோனார்கள். பிள்ளைகளும் கூப்பிடவில்லை, அம்மாக்கள் கேட்பதை நிறுத்தியது அவர்களுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

நாலு மணி விக்கல் மட்டும் என்ன என்று தெரியவில்லை. மற்ற எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டேன். இந்த முப்பத்தேழு பேர் பசிக்கும் சேரவில்லை, மனைவிக்கும் சேரவில்லை. சிங்கப்பூர் போட்டோக்களைக் காட்டினேன், வெற்றிலையைக் காட்டினேன், பழைய பாட்டுப் போட்டேன், முப்பத்தேழு வரவில்லை. மறுநாள் நாலு மணிக்கு நான் ஷட்டரைத் தூக்கி உட்கார்ந்ததும் வந்தது. யாரோ ஒருவரின் என்னவோ ஒன்றை நெஞ்சில் சுமந்துகொண்டு எதற்கென்றே தெரியாமல் விக்கிக்கொண்டிருந்தேன். சபாபதியின் பெயரைச் சொல்வதை விட்டுவிட்டேன். அந்த நாட்களில்தான் நான் மெய்யாகவே தனியாக இருந்தேன், முன்னால் இருந்ததெல்லாம் ஒன்றுமில்லை.

ஒரு புதன்கிழமை கௌசல்யாவுக்குக் காய்ச்சல். கடையைத் திறக்காமல் மத்தியானத்திலிருந்து அவரோடு இருந்தேன். தூங்கி எழுந்தவரைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்து கஞ்சிக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். மணி நாலு அடித்தது. விக்கல் வரவில்லை. நாலரை ஆயிற்று. வரவில்லை. அதுவும் போய்விட்டது என்று நினைத்தேன். ஸ்பூனை நீட்டினேன், அவர் வாயைத் திறக்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். இடது கை விரல் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஐந்தரைக்குக் கொத்தனார் பெண்சாதி வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கீழே இறங்கித் தெருவைத் தாண்டினேன். ஷட்டரைத் தூக்கினேன். சிவப்பு ஸ்டூலை வெளியே போட்டு உட்கார்ந்தேன், பழக்க தோஷம், போனை முந்தானையால் துடைத்துப் பார்த்தேன்.

விக்கினேன். எதிரே பக்கிரிசாமி விக்கினார். குளத்தங்கரையில் கேட்டது, மேலத்தெருவில் கேட்டது, முப்பத்தேழும்.

எழுந்து ஷட்டரை இழுத்து மூடினேன், உள்ளேயே இருட்டில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் நின்றது. தூக்கினேன், ஸ்டூலில் உட்கார்ந்தேன், வந்தது. மறுபடி மூடினேன், நின்றது. மறுபடி தூக்கினேன்.

“என்னம்மா, விக், ஷட்டரு மாட்டிக்கிச்சா?” என்று பக்கிரிசாமி கேட்டார்.

“இல்லண்ணே” என்றேன். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அந்தக் கோணிப்போன முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. பாவம் என்று நினைத்தாரோ, பைத்தியக்காரி தினம் தினம் போனைத் துடைக்கிறாளே என்று நினைத்தாரோ, சாகிற வரைக்கும் தன் போனுக்காக இப்படி உட்கார்ந்திருந்த ஒருத்தியை என்னில் பார்த்தாரோ, அதைச் சொல்கிற அளவுக்கு எங்கள் விக்கலுக்கு வக்கில்லை. ஆனால் விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று ஊரே நம்பி ஊரே ஏமாந்ததில், நான் ஒருத்திதான் ஏமாறவில்லை. என்னை ஒருவர் நினைத்திருக்கிறார். ஐப்பசியிலிருந்து தினமும், நாலு மணிக்கு, முப்பத்தேழு நெஞ்சு அதிர. அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி அழுதேன், விக்கலும் அழுகையும் சேர்ந்து மூச்சு முட்டியது. இதை மட்டும் பட்டியலில் குறிக்கவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

அதற்கப்புறம் ஒருநாள்கூட நாலு மணி தவறவிடவில்லை. போனைத் துடைப்பதை விட்டுவிட்டு மாடியைப் பார்த்தேன். கையை ஆட்ட வேண்டும் என்று தோன்றும், தெருவில் ஆள் இருப்பார்கள், ஆட்டியதில்லை. புதன்கிழமை கஞ்சி கொடுக்கும்போது அவரும் என்னைத் தனியாக ஒன்றும் பார்ப்பதில்லை. ஷட்டரைத் திறந்து ஸ்டூலில் உட்காருகிறவளும் கஞ்சி கொடுக்கிறவளும் அவருக்கு ஒரே ஆள்தானா என்பதே எனக்கு நிச்சயமில்லை.

வைகாசி மாதத்தில் ஒரு விடியற்காலை செத்துப்போனார். தாகத்தையும் அரிப்பையும் சொல்லத் தெரிந்த ஊருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை, ஒருவரும் விக்கவில்லை, காபி கொண்டுபோன கௌசல்யா கூப்பிட்டுத்தான் தெரிந்தது. ஊர் முழுக்க வந்து தூக்கிப்போனது. அன்றைக்கு நாலு மணிக்குக் கடையைத் திறந்து உட்கார்ந்தேன். காற்று அடித்தது, மினி பஸ் போயிற்று, தொண்டையில் ஒன்றும் இல்லை. பக்கிரிசாமி டீயை ஆற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. கௌசல்யா மாடி ஜன்னலைச் சாத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

விக்கல் இல்லாத ஊர் எவ்வளவு அமைதியாக இருக்கும் என்று எங்களுக்கு மறந்துபோயிருந்தது. தெருமுனைப் பானைகளில் தண்ணீர் பாசி பிடித்தது. மழை வந்தால் எல்லோரும் ஒரு நொடி தொண்டையைத் தொட்டுக்கொள்வார்கள், அப்புறம் துணி எடுக்க ஓடுவார்கள். சுந்தராம்பாள் அத்தை தினமும் வந்து என் கடை வாசலில் உட்காருவாள், போன் போடச் சொல்ல மாட்டாள், நானும் கேட்க மாட்டேன். இப்படி இரண்டு மாசம்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை மணி பதினொன்றரை இருக்கும். பக்கிரிசாமி வறுத்த கடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டார், மாவு தொண்டையில் ஒட்டி ஒரு விக்கல் விக்கினார். சாதாரண விக்கல், அவருடையதே. பெஞ்சில் உட்கார்ந்திருந்த கொத்தனார் பேப்பரை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே அவரும் விக்கினார். அவர் விக்கியதும் பக்கத்தில் நின்ற கிழவர் விக்கினார். அது பெஞ்சிலிருந்து ரோட்டுக்கு இறங்கி, மேலத்தெருவுக்குத் திரும்பி, குளத்தங்கரைக்குப் போய், பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்புக்குள் நுழைந்து வெளியே வந்தது. மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவில் வந்து நின்று கேட்டார்கள், அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. எண்ணுவதற்கு எனக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. இரண்டு கிழவர்கள் செத்துப்போயிருந்தார்கள், ஒருத்தர் பிள்ளையோடு கோலாலம்பூர் போயிருந்தார், மிச்சம் முப்பத்துநாலு பேரில் முப்பத்துமூன்று பேர் விக்கிக்கொண்டிருந்தார்கள்.

மாடி ஜன்னல் சாத்தியே இருந்தது. அதற்குப் பின்னால் நினைக்க யாரும் இல்லை. ஆனால் அந்த ஏழெட்டு மாசத்தில் தினம் தினம் ஒன்றாக விக்கி விக்கி இந்தத் தொண்டைகள் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன, ஒன்றைத் தொட்டால் மற்றது எழுந்துவிடுகிறது, தாங்கள் எதைச் சுமக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஷட்டரைத் தூக்கி, சிவப்பு ஸ்டூலைப் போட்டு, போனைத் துடைத்துப் பார்க்கிற ஒருத்தியை.

பிறகு எனக்கும் வந்தது.

சுந்தராம்பாள் அத்தை எழுந்து, கடைக்குள் போய்த் தம்ளரில் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினாள். “குடிடி. விக்கல் நிக்கட்டும்.”

வாங்கிக்கொண்டேன். ஸ்டூலுக்குக் கீழே நிழலாகப் பார்த்து வைத்தேன், குடிக்கவில்லை.